கவர்னர் ஓட்டிய நேரம்

டீசல் என்ஜினில் கவர்னர் என்று ஒரு பாகம் உண்டு. என்ஜின் வேகம் எகிறினால் டீசலைக் குறைக்கும், வேகம் தொய்ந்தால் கூட்டிவிடும். பிஸ்கட் தொழிற்சாலையில் ஜெனரேட்டர் ஓட்டியவர் எதற்கெடுத்தாலும் அந்தப் பாகத்தின் மேல்தான் பழி போடுவார். விளக்கு மங்கினால் கவர்னர் சரியில்லை. புகை கறுத்தால் கவர்னர் சரியில்லை. தனக்கே இடுப்பு பிடித்துக்கொண்டாலும் கவர்னர் சரியில்லை. கேட்டுக் கேட்டுக் காது புளித்த தொழிலாளிகள் கடைசியில் அவருக்கே அந்தப் பேரை வைத்துவிட்டார்கள். எண்ணெய்ச் சட்டையோடு அவர் சாப்பாட்டுக்கு வரும்போது, "கவர்னர் வர்றாரு, வழி விடுங்க" என்பார்கள். அவரும் கோபித்துக்கொள்ளாமல், இரண்டு பக்கமும் கும்பிட்டுக்கொண்டே வருவார்.

ஆள் நல்ல பருமன். எதிலும் அவசரம் கிடையாது. என்ஜின் சத்தத்துக்குப் பழகிப் பழகி, சத்தம் இல்லாத இடத்தில் அவருக்குக் கண் மூடாது. லீவு நாள் மதியம் பாயில் புரண்டு புரண்டு பார்த்துவிட்டு, கூடவே வசிக்கும் மாமனாரிடம், "மாமா, சும்மாதானே இருக்கீங்க, கொஞ்ச நேரம் எதையாவது தைங்களேன்" என்று கெஞ்சுவார். மாமனார் தையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். தைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் பழைய தலையணை உறையைக் கொடுத்து மெஷினை மிதிப்பார். கடகடவென்று சத்தம் கிளம்பியதும் மாப்பிள்ளை குறட்டை விடுவார்.

தொழிற்சாலை ஊருக்கு வெளியே இருந்தது. அரசாங்க மின்சாரக் கம்பி அதுவரை எட்டவில்லை. அதனால் காலையிலிருந்து வேலை முடியும்வரை எல்லாமே கவர்னரின் ஜெனரேட்டரில்தான் ஓடும்: மாவு பிசையும் மெஷின், நீள அடுப்புக்குள் பிஸ்கட்டைக் கொண்டுபோகும் பெல்ட், விளக்கு, விசிறி. கடிகாரங்களும் அதில்தான் ஓடின. முதலாளி ஆசை ஆசையாக மின்சாரக் கடிகாரங்களை வாங்கி, வாசலில், பேக்கிங் கூடத்தில், அடுப்புப் பக்கத்தில், தன் அறையில் என்று மாட்டியிருந்தார். "சாவி கொடுக்க வேண்டாம், பேட்டரி மாத்த வேண்டாம். ராஜா மாதிரி ஓடும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

இரவில் ஜெனரேட்டர் நின்றால் ராஜாக்களும் நின்றுவிடுவார்கள். காலையில் கவர்னர் என்ஜினைக் கிளப்பிவிட்டு, ரேடியோவில் மணி கேட்டு, ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு கடிகாரமாகப் போய் முள்ளைத் திருப்பி வைப்பார். பின்னால் இருக்கும் குமிழைச் சுண்டிவிட்டால்தான் அது ஓடத் தொடங்கும். ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் பேக்கிங் கூடத்துக் கடிகாரத்தைத் தப்பாகச் சுண்டிவிட, அது கூச்சமே இல்லாமல் பின்பக்கமாக ஓடியது. வேலைக்கு வந்த பெண்கள் அதைப் பார்த்துவிட்டு, "இன்னும் நாம வீட்டை விட்டே கிளம்பல போலிருக்கே" என்று சொல்லி, கொஞ்ச நேரம் உட்கார்ந்தே விட்டார்கள்.

வாசல் கடிகாரத்தைப் பார்த்துத்தான் வாட்ச்மேன் சங்கு ஊதுவார். காலையில் எட்டுக்கு ஒன்று, மாலையில் ஐந்துக்கு ஒன்று. கையில் போன் வராத காலம். அந்தச் சங்கைக் கேட்டுத்தான் சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் வீட்டுக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார்கள்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. என்ஜின் அறைக்கே இறங்கி வந்து கேட்டார்.

"ஏன் கவர்னர், இந்த என்ஜினை இன்னும் கொஞ்சம் வேகமா ஓட்டலாமா?"

"ஓட்டலாம் முதலாளி. இந்தத் திருகைக் கொஞ்சம் முடுக்கினா போதும்."

"பெல்ட்டும் வேகமா போகும்ல?"

"எல்லாமே வேகமா போகும்."

"அப்ப முடுக்குங்க. பெட்டி கூடுதலா வரட்டும்."

கவர்னர் முடுக்கினார். என்ஜின் ஒரு சுதி மேலே ஏறியது. பெல்ட் விறுவிறுவென்று போனது. விசிறிக் காற்றில் அட்டைகள் பறந்தன. முதலாளி கையைத் தேய்த்துக்கொண்டு மாலைவரை காத்திருந்தார். சங்கு ஊதியது. பெட்டிகளை எண்ணினால், நேற்று எவ்வளவோ இன்றும் அவ்வளவே. ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை.

அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் முடுக்கச் சொன்னார். அதே பெட்டிக் கணக்குத்தான். மூன்றாம் தடவை முடுக்கியபோது என்ஜின் பாட்டே வேறு ராகத்துக்குப் போய்விட்டது. பெட்டி மட்டும் அசையவில்லை.

முதலாளி நேராகப் பேக்கிங் கூடத்துக்குப் போனார். அங்கே மேஸ்திரி, கவர்னரின் மனைவிதான். வாய் கொஞ்சம் நீளம். வேலை அதைவிடச் சுத்தம்.

"ஏம்மா, மெஷின் பறக்குது. பெட்டி மட்டும் ஏன் ஏறல? உங்க ஆளுங்க கை எங்க இருக்கு?"

"கை இங்கதான் இருக்கு, பாருங்க. தேய்ஞ்சு போச்சு. மேசையில ஒரு பிஸ்கட்டாவது தங்கியிருக்கா? வர்றதத்தான் கட்ட முடியும் முதலாளி. வராததை எப்படிக் கட்டுறது?"

முதலாளிக்குச் சந்தேகம் தீரவில்லை. தானே ஒரு நாற்காலியைப் போட்டு பெல்ட் பக்கத்தில் உட்கார்ந்து, சுவர்க் கடிகாரத்தில் ஒரு மணி நேரம் ஆகும்வரை எண்ணினார். எப்போதும் வருகிற அளவுதான் வந்தது. அடுத்து தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். அதிகமாக வந்தது! சுவரைப் பார்த்தால் குறைகிறது, கையைப் பார்த்தால் கூடுகிறது. பக்கத்தில் நின்றவர்கள், முதலாளி கையையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு தனக்குத்தானே பேசுவதைக் கண்டு ஒதுங்கிப் போனார்கள்.

ராஜா மாதிரி ஓடும் கடிகாரம் தப்பாகப் போகுமா? கைக்கடிகாரம்தான் படுத்துவிட்டது என்று முடிவு கட்டி, கடைவீதி வாட்ச் கடைக்கு எடுத்துப்போனார். அது சாவி கொடுக்கும் கடிகாரம். கடைக்காரர் பின்மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே சின்னஞ்சிறு சக்கரம் ஒன்று இப்படியும் அப்படியும் அரைவட்டம் அடித்துக்கொண்டிருந்தது. அதை இழுத்து இழுத்துத் திருப்புவது முடியைவிட மெல்லிய சுருள் கம்பி.

"சாவி கொடுத்தா பெரிய சுருள்ல பலம் ஏறும் சார். அந்தப் பலம் மொத்தமா அவிழ்ந்துடாம, இந்தச் சக்கரம் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பல்லா விடும். இது நல்லாதான் ஆடுது. கடிகாரத்துல கோளாறு இல்ல."

"இருக்கு. மெதுவா போகுது. வேகமாக்குங்க."

கடைக்காரர் தோளைக் குலுக்கிவிட்டு, சுருளைப் பிடித்திருக்கும் குட்டி நெம்புகோலை வேகத்தின் பக்கம் தள்ளிவிட்டார். அன்று பகலில் அது தொழிற்சாலைக் கடிகாரத்தோடு ஓரளவு சேர்ந்தே ஓடியது. முதலாளிக்குப் பெரிய நிம்மதி. ஆனால் இரவு முழுவதும் தனியாக வீட்டிலும் அப்படியே ஓடித் தொலைத்தது. மறுநாள் காலையில் வாசல் கேட் பூட்டிக் கிடப்பதைப் பார்த்து, வாட்ச்மேனிடம், "எத்தனை மணிக்கு வர்றீங்க?" என்று கத்தினார். "நான் நேரத்துக்குத்தான் வந்தேன் முதலாளி, நீங்கதான்..." என்று அவர் இழுக்க, இரண்டு பேரும் திறந்த கேட் பக்கத்திலேயே, கவர்னர் வந்து என்ஜினைக் கிளப்பும்வரை முறைத்துக்கொண்டு நின்றார்கள். கடிகாரம் மறுபடி கடைக்குப் போனது. கடைக்காரர் சிரிக்காமல் நெம்புகோலைப் பழைய இடத்துக்கே தள்ளிக் கொடுத்தார்.

கவர்னர் வீட்டில் வேறு மாதிரிக் கூத்து. அங்கே மாமனாரின் ஊசல் கடிகாரம் கூடத்துச் சுவரில் தொங்கியது. ஊசலின் நீளம்தான் அதற்கு எல்லாம். நீளமானால் மெதுவாக ஆடும், குட்டையானால் சுறுசுறுப்பாக ஆடும். குண்டுக்கு அடியில் ஒரு மரை உண்டு. அதை மேலே திருகினால் குண்டு ஏறி ஊசல் குட்டையாகும், கடிகாரம் வேகம் பிடிக்கும். கீழே இறக்கினால் நிதானமாகும். வெயில் காலத்தில் கம்பி சூட்டில் கொஞ்சம் நீண்டு கடிகாரம் சோம்பும் என்பதும் மாமனாருக்குத் தெரியும். அப்போது அரைத் திருகு ஏற்றுவார்.

இப்போது பார்த்தால் மாலைச் சங்கு ஊதும்போது அவர் கடிகாரத்தில் ஐந்தாகவே இல்லை. "சோம்பிடுச்சு" என்று மரையை ஒரு சுற்று ஏற்றுவார், முள்ளையும் ஐந்துக்குத் தள்ளி வைப்பார். மறுநாள் காலைச் சங்குக்கு முன்பே அது எட்டைத் தாண்டிவிடும். "துள்ளுது" என்று ஒரு சுற்று இறக்குவார், முள்ளைப் பின்னுக்கு இழுப்பார். மாலையில் மறுபடி ஏற்றுவார். ரேடியோவில் மாலைச் செய்தி வரும்போது, "இந்தச் செய்தி வாசிக்கிறவங்க இப்பல்லாம் லேட்டா வர்றாங்க" என்பார். சங்கை மட்டும் சந்தேகப்பட மாட்டார். மகளும் மாப்பிள்ளையும் வேலை செய்யும் இடத்துச் சங்கு அல்லவா?

"அப்பா, அதை விட்டுடுங்க. நீங்க திருகுற திருகுல அதுக்குத் தலை சுத்தப் போகுது" என்பார் மகள்.

மொத்த வட்டாரத்திலும் இதே கதைதான். காலையில் கடிகாரம் திருத்துகிறவர்கள் ஒரு கட்சி, மாலையில் திருத்துகிறவர்கள் இன்னொரு கட்சி. முதல் கட்சிக்காரர்களை இரண்டாம் கட்சி வீட்டுக் கல்யாணத்துக்கு அழைத்தால் மாப்பிள்ளை வருவதற்குப் பின்னால் வந்தார்கள். இரண்டாம் கட்சிக்காரர்கள் முதல் கட்சி வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தல் போடுகிறவர்களோடு வந்தார்கள். பாவம், இரண்டு கட்சியிடமும் பஸ் டிரைவர்தான் திட்டு வாங்கினார். தொழிற்சாலைப் பெண்களுக்கோ ஒரே சந்தோஷம். வீட்டுக்குப் போகும்போது வெயில் இன்னும் பளிச்சென்று இருக்கிறதே! "இந்த வருஷம் பகல் நீளம்டி" என்று பேசிக்கொண்டார்கள்.

பிஸ்கட்டுக்குத்தான் சந்தோஷம் இல்லை. பெல்ட் வேகமாகப் போனதால் அது அடுப்புக்குள் போன சுவடே தெரியாமல் வெளுத்து வந்தது. கடைக்காரர்கள், "பல்லுல ஒட்டுது" என்று சொல்லியனுப்பினார்கள். முதலாளி அடுப்பின் சூட்டை ஏற்றினார். ஓரம் கருகி நடு வெளுத்தது.

கடைசியில் பொறுமை இழந்தது மாமனார். ஒருநாள் காலை ஊசல் கடிகாரத்தை இறக்கி, பழைய போர்வையில் சுற்றி, குழந்தையைப் போல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தொழிற்சாலை வாசலில் வந்து நின்றார். மாப்பிள்ளைக்கு மானம் போய்விட்டது.

"மாமா, இங்க எதுக்கு? வீட்டுக்குப் போங்க."

"நீங்க சும்மா இருங்க மாப்பிள்ளை. காலைச் சங்குக்கும் சாயங்காலச் சங்குக்கும் நடுவுல ஏதோ தில்லுமுல்லு நடக்குது. உங்க முதலாளியைக் கூப்பிடுங்க."

வேறு நாளாக இருந்தால் முதலாளி விரட்டியிருப்பார். தனக்கும் அதே தலைவலி இருக்கவே, பெரியவரை உள்ளே அழைத்து நாற்காலி போட்டார். தன் அறைச் சுவரிலேயே ஊசல் கடிகாரத்தை மாட்டச் சொன்னார். மாட்டியதும் அது "டக்... டக்டக்... டக்" என்று நொண்டியது. மாமனார் அடிப்பக்கத்தை ஒரு மயிரிழை இடப்பக்கம் நகர்த்தினார், காதை வைத்துக் கேட்டார், இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். "டக், டக், டக்" என்று சீரானது. "நேரா நின்னாதான் நேரா பேசும்" என்றார்.

முதலாளி வீட்டுக்கு ஆள் அனுப்பி, சமையலறையில் இருந்த பேட்டரி கடிகாரத்தையும் வரவழைத்தார். அதற்குள் ஒரு சின்னப் படிகக் கல் இருக்கிறது. பேட்டரி அதைச் சீண்டிவிட்டால், ஒரு விநாடிக்குள் பல்லாயிரம் தடவை நடுங்கும். அந்த நடுக்கத்தை எண்ணிக்கொண்டே இருந்து, கணக்கு நிறைந்ததும் முள்ளை ஒரு எட்டு தள்ளிவிடும். ரேடியோ மணியைக் கேட்டு ஊசல், கைக்கடிகாரம், பேட்டரி, மின்சாரம் என்று எல்லாவற்றையும் ஒன்றாக வைத்தார்கள். முதலாளியும் மாமனாரும் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு காவல் காத்தார்கள்.

மதியச் சாப்பாட்டு வேளையில் மூன்று கடிகாரங்கள் ஒரே நேரத்தைக் காட்டின. மின்சாரக் கடிகாரம் மட்டும் பத்து நிமிஷத்துக்கு மேல் முன்னால் போயிருந்தது.

"மூணும் சேர்ந்தா மெதுவா போகுது?" என்றார் முதலாளி.

"பேசி வச்சுக்கிட்டு ஒரே பொய்யைச் சொல்ல இதுங்க என்ன என் மாப்பிள்ளைங்களா?" என்றார் மாமனார்.

முதலாளி யோசித்தார். ஒன்று ஊசலை நம்பி ஓடுகிறது, ஒன்று சுருளை நம்பி, ஒன்று கல்லை நம்பி. ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அப்படியானால் மின்சாரக் கடிகாரம் எதை நம்பி ஓடுகிறது? கவர்னரைக் கூப்பிட்டனுப்பினார்.

கவர்னர் வந்து, நான்கையும் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "கவர்னர் சரியில்லையோ என்னமோ" என்று வழக்கம்போல் சொல்லி வைத்தார். அந்தச் சமயத்தில் கூடத்தில் பெரிய மாவு மெஷினைப் போட்டார்கள். பாரம் ஏறியதும் முற்றத்துக்கு அந்தப் பக்கம் என்ஜின் "ம்ம்ம்" என்று முக்கியது. கவர்னரின் காது ஜன்னல் பக்கம் திரும்பியது.

"அந்தச் சிவப்பு முள்ளு ஏன் தயங்குது?" என்றார் மாமனார், மின்சாரக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு.

"எப்ப மாமா?"

"இப்பதான். பெருமூச்சு விட்ட மாதிரி நின்னு போச்சு."

என்ஜின் முக்கியபோதா முள்ளும் தயங்கியது என்று கவர்னருக்குப் பொறி தட்டியது. பிறகு, அவர் ஓடி யாரும் பார்த்திராத வேகத்தில், முற்றத்தைக் கடந்து என்ஜின் அறைக்கு ஓடினார். ஜன்னல் வழியே தலையை நீட்டி, "முதலாளி! முள்ளைப் பாருங்க!" என்று கத்திவிட்டுத் திருகைத் தளர்த்தினார். என்ஜின் சுதி இறங்கியது. சிவப்பு முள் மெல்ல நடந்தது. முடுக்கினார், முள் ஓடியது.

முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்து ஜன்னலுக்கு வந்துவிட்டார். "குறைங்க! இன்னும் குறைங்க! ஆங்... இப்பக் கூட்டுங்க!" கவர்னர் கூட்டினார், குறைத்தார். முள் சொன்னபடி கேட்டது. மாமனார் ஊசலுக்கு விரல் சொடுக்கிக்கொண்டு, "இப்ப நம்மாளு முந்துறான்... இப்ப அவன் முந்துறான்" என்று பந்தயம் சொன்னார். மூவருக்கும் வயது மறந்துபோனது.

பேக்கிங் கூடத்திலிருந்து கவர்னரின் மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்தார். "யாரு அங்க விளையாடுறது? பிஸ்கட் ஒரு நிமிஷம் ஓடியாருது, ஒரு நிமிஷம் ஊர்ந்து வருது! விளக்கு கண்ணடிக்குது! சுவத்துல கடிகாரம்கூட..." என்றவர் பாதியில் நின்றார். "அதுவும் பெல்ட்டு கூடவேதான் ஓடுது!"

முதலாளி அப்படியே ஜன்னல் கட்டையில் உட்கார்ந்தார். அந்தக் கடிகாரத்துக்குச் சொந்தப் புத்தி கிடையாது. ஜெனரேட்டர் தரும் மின்சாரம் முன்னும் பின்னும் மாறி மாறி வருகிறது. அந்த மாற்றத்தை எண்ணி எண்ணி முள்ளை நகர்த்துவதுதான் அதன் வேலை. என்ஜின் வேகமாகச் சுற்றினால் மாற்றம் சீக்கிரம் சீக்கிரமாக வரும், கடிகாரமும் ஓடும். பெல்ட்டும் அதே மின்சாரத்தில்தான் ஓடுகிறது. இரண்டும் ஒரே கயிற்றில் கட்டிய மாடுகள்.

"ஒரு மணிக்கு இத்தனை பெட்டின்னு உட்கார்ந்து எண்ணினேனே," என்றார் முதலாளி. "பெல்ட்டை வேகமாக்கினேன். கூடவே மணியையும் நானே சின்னதாக்கிட்டேன்!" முதலில் முகத்தைப் பொத்திக்கொண்டார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று மாமனார் எட்டிப் பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்தார்.

கவர்னருக்கும் சிரிப்பு வந்தது. இத்தனை வாரமாக, மொத்த வட்டாரமும் எப்போது வீட்டுக்குப் போக வேண்டும், எப்போது விளக்கு வைக்க வேண்டும் என்பதையெல்லாம் தான் அல்லவா ஒரு திருகில் தீர்மானித்திருக்கிறோம்? அன்று மாலை அவர் திருகைப் பழைய இடத்துக்கு இறக்கினார்.

சங்கு சரியான நேரத்துக்கு ஊதத் தொடங்கியது. பிஸ்கட் பொன்னிறத்துக்குத் திரும்பியது. பெண்களின் முகம்தான் வாடியது. சுமார் அரைமணி நேரம் பறிபோயிற்றே! கவர்னரின் மனைவி எல்லோரையும் கூட்டிக்கொண்டு முதலாளி அறைக்குப் போனார்.

"அவ்வளவு நாளும் அதே பெட்டியைக் குறைஞ்ச நேரத்துல கட்டிக் குடுத்தோம். எங்க கை வேகம் உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. 'கை எங்க இருக்கு'ன்னு கேட்டீங்க. அதுக்காவது ஏதாவது செய்யுங்க."

"வீட்டுக்குச் சீக்கிரம் விட முடியாதும்மா. பிஸ்கட் வேகணும்ல?"

"பிஸ்கட் வேகட்டும். நாங்க நடுவுல கொஞ்சம் உட்காரணும்."

முதலாளி கொஞ்சம் முனகினார். அதற்கு முன் அந்தத் தொழிற்சாலையில் பிற்பகல் இடைவேளை என்று ஒன்று இருந்ததில்லை. அன்று முதல் வந்தது, டீயோடு. ஊசல் கடிகாரம் முதலாளி அறையிலேயே தங்கிவிட்டது. அதற்கு வாரம் ஒருமுறை சாவி கொடுக்கும் சாக்கில் மாமனார் வருவார். சாவி கொடுப்பது ஒரு நிமிஷ வேலை, முதலாளியோடு வாதாடுவது மீதி நாள் வேலை.

சில வருஷத்தில் அரசாங்க மின்சாரக் கம்பி வந்தது. ஜெனரேட்டர் ஓரமாக ஒதுங்கி, கம்பி அறுந்தால் மட்டும் எழுந்திருக்கும் ஆளானது. சுவர்க் கடிகாரங்கள் இப்போது எங்கிருந்தோ வரும் மின்சாரத்தில் ஓடின, ஒழுங்காகவும் ஓடின. கவர்னருக்கு அதுதான் உறுத்தியது.

"அங்கயும் ஒருத்தன் திருகைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பான்ல?" என்று மனைவியிடம் கேட்டார். "எத்தனை ஊருக்கு நேரம் ஓட்டுறான்! அவனை ஒருதடவை பாக்கணும்."

"வேற யாரோட புருஷனா இருந்தாலும் கடலைப் பாக்கணும், மலையைப் பாக்கணும்னு கேப்பான்" என்றார் மனைவி. ஆனாலும் லீவு நாளில் புதுப் புடவை கட்டிக்கொண்டு கிளம்பினார்.

மின்நிலையத்து வாசலில் காவலாளி உள்ளே விடவில்லை. "உள்ள நேரத்தை ஓட்டுறவர் யாருங்க?" என்று கவர்னர் கேட்டதும், ஆளுக்கு ஏதோ கோளாறு என்று நினைத்துவிட்டார். வேலை முடிந்து வெளியே வந்துகொண்டிருந்த ஒரு பெண் அதைக் கேட்டு நின்றார். கண்ணாடி போட்டு, கையில் டிபன் பாக்ஸ் வைத்திருந்தார். கட்டுப்பாட்டு அறையில் வேலை என்றார்.

"நான் ஒருத்தி மட்டும் இல்லீங்க. பல ஊர்ல பல நிலையம், எல்லாம் ஒரே கம்பியில கோத்திருக்கு. சேர்ந்துதான் சுத்தும்."

"தப்பாப் போனா எப்படித் தெரியும்?"

"பலகையில ரெண்டு கடிகாரம் பக்கத்துல பக்கத்துல இருக்கு. ஒண்ணு எங்க மின்சாரத்துல ஓடுறது, இன்னொண்ணு தனியா சரியா ஓடுறது. சாயங்காலம் எல்லா வீட்லயும் ஒரே நேரத்துல விளக்கு போடுவாங்க, பாரம் ஏறி எங்க கடிகாரம் சில விநாடி பின்தங்கும். எல்லாரும் தூங்கினப்புறம் கொஞ்சூண்டு வேகமா சுத்திப் பிடிச்சுடுவோம்."

கவர்னர் அந்தம்மாவைக் கும்பிட்டே விட்டார். அவர் திகைத்து, டிபன் பாக்ஸோடு திருப்பிக் கும்பிட்டார். பிறகு கவர்னர் தன் பிஸ்கட் கதையை ஆரம்பித்தார். நின்றபடியே முழுவதையும் கேட்ட அந்தப் பெண், பெட்டிக் கணக்கு ஏறாத இடம் வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். காவலாளிகூடப் பக்கத்தில் வந்து நின்றார்.

மறுநாள் பிற்பகல் இடைவேளையில், டீயை ஆற்றிக்கொண்டே, கவர்னர் தான் மின்நிலையத்துக்குப் போன கதையைப் பெண்களிடம் சொல்ல ஆரம்பித்தார். "உள்ளே போனேன் பாருங்க, பலகையில நாலு கடிகாரம்" என்றார்.

"வாசலோட சரி. கடிகாரமும் ரெண்டுதான்" என்றார் மனைவி, பெட்டிக்கு நூல் சுற்றிக்கொண்டே.

"உனக்குத் தெரியாது. நீ அப்பக் காவலாளிகிட்ட பஸ் நேரம் கேட்டுக்கிட்டு இருந்த" என்றார் கவர்னர்.